தினமும் தோளில் ஏறும் பை: வாங்குமுன் ஆண்கள் கேட்கும் கேள்விகள்

அலுவலகம், கல்லூரி, குறும்பயணம் என்று தினமும் எடுத்துப் போகும் பையைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகள் இவை. ‘சிறந்த பத்து பைகள்’ வரிசை இங்கே கிடையாது. ஒரு பை கைக்கு வந்தால் எங்கே பார்ப்பது, எந்த வாசகத்தை நம்பாமல் இருப்பது என்பதுதான் பேச்சு.

பை முதலில் எங்கே பழுதாகும்?

துணியின் நடுப்பகுதி தேய்ந்து ஓட்டை விழுந்ததால் தூக்கி எறியப்பட்ட பையைப் பார்ப்பது அபூர்வம். பெரும்பாலும் முதலில் கைவிடுவது ஜிப்பின் ரன்னர். அடுத்தது, தோளில் மாட்டும் பட்டை பையின் உடலோடு சேரும் இடம். உள்பக்கப் பூச்சு பிசுபிசுத்து உதிர்கிறது. அடிமூலைகள் தரையில் உரசி நைந்துபோகின்றன. இவை எல்லாவற்றையும் தாண்டிய பிறகுதான் துணியின் முறை வருகிறது. விளம்பரங்களோ துணியைப் பற்றித்தான் மூச்சுவிடாமல் பேசுகின்றன. துணிக்கு ஓர் எண் இருக்கிறது, அட்டையில் அச்சடிக்க வசதி. தையலின் தரத்துக்கு அப்படி ஓர் எண் இல்லை.

வாங்குமுன் கையில் வைத்து எப்படிச் சோதிப்பது?

எல்லா ஜிப்புகளையும் திறந்து, உட்புறம் வெளியே வரும்படி முடிந்தவரை பையைப் புரட்டுங்கள். தோளில் மாட்டும் பட்டையின் மேல்முனை முதுகுப்பக்கத்தோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல பையில் பட்டை துணியின் மேல் சும்மா வைத்துத் தைக்கப்பட்டிருக்காது. இரண்டு துணிகள் சேரும் மூட்டுக்குள் நுழைந்து, உள்ளே அதன் வால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலின் குறுக்கே, முன்னும் பின்னுமாக நெருக்கி ஓட்டிய தடித்த தையல் ஒன்று இருக்கும். தையல்காரர்கள் அதை பார்டாக் என்பார்கள். ஜீன்ஸ் பாக்கெட்டின் மூலையில் தெரியும் குட்டையான தடித்த கோடு அதுதான். வேறு சில பைகளில் ஒரு சதுரம் தைத்து அதற்குள் பெருக்கல் குறி இழுத்திருப்பார்கள். அதுவும் நல்லதே. இரண்டில் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு வரி நேர்த்தையல் மட்டும் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பையில் மடிக்கணினியை நம்பி வைக்க வேண்டாம்.

பிறகு உள்மூட்டுகளின் விளிம்பைப் பாருங்கள். வெட்டிய துணி அப்படியே பிசிறோடு நின்றால், நாள்பட நூல் நூலாகப் பிரிந்து தையல் வரை வந்துவிடும். விளிம்பை நாடா வைத்து மடித்துத் தைத்திருந்தால் அந்தக் கவலை இல்லை. உள்துணி முழுவதையும் மூடி மூட்டுகளே தெரியாத பைகளும் உண்டு. அவற்றில் உள்ளே என்ன வேலை நடந்திருக்கிறது என்று அறிய வழியில்லை. பட்டையைப் பிடித்துக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்துப் பார்க்கலாம். இழுக்கும்போது தையல் துளைகள் வாய் பிளந்தால் நூல் தளர்வாக ஓடியிருக்கிறது.

தையல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமும் தவறு. கனமான துணியில் ஓர் அங்குலத்துக்கு ஆறு முதல் பத்து தையல் வரை பொதுவாகப் போதும். அதற்கு மேல் நெருக்கினால் ஊசித்துளைகள் வரிசையாகச் சேர்ந்து, தபால்தலையின் ஓரம்போல அந்தக் கோட்டிலேயே கிழியும். தோலுக்கு இது இன்னும் பொருந்தும்.

கடைசியாக, பையில் நாலைந்து கிலோ எடை போட்டு, ஒரே கையால் ஜிப்பை முழுச் சுற்றும் ஓட்டிப் பாருங்கள். வளைவில் ரன்னர் முரண்டு பிடித்தால் அது பழகப் பழகச் சரியாகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

டெனியர் என்ற எண் எதைச் சொல்கிறது?

இழையின் கனத்தை. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே டெனியர். 1000 டெனியர் என்றால் 9 கி.மீ. இழை 1 கிலோ. அந்த இழை எதனால் ஆனது, எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டது என்பதை இந்த எண் சொல்லாது. 500 டெனியர் நல்ல நைலான், 900 டெனியர் மலிவு பாலியெஸ்டரைவிட அதிகம் உழைக்கலாம். ஆகவே வெவ்வேறு பொருட்களின் டெனியரை ஒப்பிடுவதில் பயனில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எண் ஏற ஏற எடையும் ஏறும். 1000 டெனியர் துணியில் செய்த முழு அளவு முதுகுப்பை காலியாகவே ஒன்றரைக் கிலோவைத் தொடலாம். மடிக்கணினி, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா என்ற அன்றாடச் சுமைக்கு 400 முதல் 600 டெனியர் நைலான் தாராளம். அடிப்பாகத்துக்கு மட்டும் கனமான துணி கொடுத்திருந்தால் நிறைவு.

கோர்டூரா, பாலிஸ்டிக் நைலான் என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

கோர்டூரா வணிகப் பெயர். டூபாண்ட் நிறுவனம் 1929-இல் ரேயான் இழைக்கு வைத்த பெயர் அது. பிற்பாடு நைலானுக்கு மாறியது. இன்று அந்தப் பெயரில் மெல்லியதும் தடித்ததுமாகப் பல துணிகள் வருகின்றன. எனவே ‘கோர்டூரா’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் விற்பனைக் குறிப்பு பாதித் தகவல்தான். எத்தனை டெனியர் என்று கேளுங்கள். இதன் இழைகள் காற்றழுத்தத்தால் உப்ப வைக்கப்பட்டவை. தொட்டால் பருத்தித் துணிபோல மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், உரசலை நன்றாகத் தாங்கும்.

பாலிஸ்டிக் நைலான் இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினரின் காப்புச் சட்டைக்காக உருவானது. குண்டுச் சிதறலைத் தடுக்கவே அது. துப்பாக்கிக் குண்டுக்கு அது போதவில்லை. இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்துக் கூடை முடைவதுபோல் நெய்வதுதான் அதன் தனித்தன்மை. வழுவழுப்பும் பளபளப்பும் உண்டு, முறைசார்ந்த உடைக்குப் பொருந்தும். 1050, 1680 ஆகிய எண்களை அதிகம் பார்ப்பீர்கள்.

நைலானா, பாலியெஸ்டரா?

உரசலுக்கும் இழுவிசைக்கும் நைலான். வெயிலில் நிறம் மங்காமல் இருக்கவும், தண்ணீரைக் குறைவாக உறிஞ்சவும் பாலியெஸ்டர். பை பெரும்பாலும் தரையிலும் இருக்கைக்கு அடியிலும் தேய்பவர் நைலான் வாங்கலாம். நாள் முழுக்க வெயிலில் வண்டி ஓட்டுபவருக்குத் தடித்த பாலியெஸ்டர் குறைச்சலான தேர்வு இல்லை. மலிவுப் பைகள் எல்லாம் பாலியெஸ்டரில் வருவதால் அதற்குக் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பைகளைக் கெடுப்பது பெரும்பாலும் தையல்தான்.

கேன்வாஸ் பை நாள்படுமா?

படும், ஈரத்தில் விட்டு வைக்காத வரை. பருத்திக் கேன்வாஸ் கிழிசலை நன்றாகத் தாங்கும், தைத்துச் சரிசெய்வதும் எளிது. ஆனால் நனைந்தால் கனக்கும், மெதுவாகக் காயும், மூலையில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். மெழுகு ஏற்றிய கேன்வாஸ் தூறலைத் தடுக்கும். மடிப்புகளில் வெளிர்கோடு விழுந்து பழமையான தோற்றம் வரும். அதைச் சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது, மெழுகு போய்விடும். சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி மெழுகு தடவ வேண்டும். புதிதில் வெளிர்நிறச் சட்டையில் கறை ஏற்றும் என்பதையும் விற்பவர் சொல்ல மாட்டார்.

தோல் பை வாங்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

தோலின் எந்த அடுக்கு என்பதை. மேற்பரப்பைச் சுரண்டாமல் விட்ட தோலை ‘ஃபுல் கிரெயின்’ என்கிறார்கள். நார்கள் மிக நெருக்கமாக இருக்கும் அடுக்கு அது. தழும்பு, மயிர்க்கால் எல்லாம் தெரியும். அவற்றைக் குறை என்று எண்ணி ஒதுக்குகிறவர்கள் நல்ல பையை விட்டுவிட்டு வழவழப்பான இரண்டாம் தரத்தை வாங்கிப் போகிறார்கள். ‘டாப் கிரெயின்’ என்பது அந்த மேற்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்தது. ‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரையோ, இது தோல்தான் என்று சொல்வதோடு சரி; தரத்தைப் பற்றி எந்த உறுதியும் அதில் இல்லை. ‘பாண்டட் லெதர்’ என்றால் தோல் துகள்களைப் பசையோடு அரைத்துத் தாளாக்கியது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மரப்பட்டை போன்ற தாவரப் பொருட்களால் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், கைபட்டுப் பட்டு நிறம் ஆழமாகும், தண்ணீர்த் துளி பட்டால் தடம் விழும். குரோமியத்தால் பதனிட்டது மென்மையானது, ஈரத்தை அதிகம் பொறுக்கும். தினமும் மழையிலும் கூட்டத்திலும் போய்வருபவருக்கு இரண்டாவதுதான் தொல்லை குறைவு. எதுவானாலும் நனைந்த தோலை வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வைத்துக் காய வைக்காதீர்கள்; வெடித்துவிடும்.

ரெக்ஸின், ‘வீகன் லெதர்’?

பெயர் எதுவானாலும் பெரும்பாலும் துணியின் மேல் பியூ (பாலியூரித்தேன்) அல்லது பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசியதுதான். பியூ பூச்சு காற்றின் ஈரத்தாலேயே மெல்லச் சிதையும். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்தாலும் தோலுரிந்து செதில் செதிலாக விழும். நீண்டநாள் உழைப்புக்கு இதை வாங்காதீர்கள்.

ஜிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

எண்ணையும் வகையையும். ரன்னரின் முதுகில் 3, 5, 8, 10 என்று ஓர் எண் பெரும்பாலும் இருக்கும். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். முதன்மை வாய்க்கு 8 அல்லது 10 வேண்டும். சிறு அறைகளுக்கு 5 போதும். முதன்மை வாயில் 3 இருந்தால் பையைத் திரும்ப வைத்துவிடலாம்.

வகைகள் மூன்று. உலோகப் பல் அழகானது, கனமானது, உப்பு வியர்வையில் கறுக்கும். தனித்தனியாக வார்த்த பிளாஸ்டிக் பல் மண்ணையும் தூசியையும் தாங்கும். ஒரு பல் உடைந்தால் கதை முடிந்தது. பற்களுக்குப் பதில் பிளாஸ்டிக் இழையைச் சுருளாகச் சுற்றித் தைத்த சுருள் ஜிப் வளைவுகளில் இழைந்து ஓடும், பிளந்தாலும் பல தடவை மீண்டும் பூட்டிக்கொள்ளும். அன்றாடப் பைக்குச் சுருளே என் தேர்வு.

1934-இல் ஜப்பானில் தொடங்கிய ஒய்கேகே நிறுவனத்தின் ஜிப் இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் போலிகளும் உண்டு. நல்ல ஜிப்பை மட்டமான தையலில் பொருத்தியவர்களும் உண்டு. எழுத்தைப் பார்த்ததோடு சோதனையை முடித்துவிடாதீர்கள்.

ஜிப் மூடுகிறது, ஆனால் பின்னாலேயே பிளந்துகொண்டு வருகிறது. பையை மாற்ற வேண்டியதுதானா?

வேண்டாம். பற்கள் தேயவில்லை, ரன்னரின் வாய் அகன்றுவிட்டது, அவ்வளவுதான். ஜிப்பை முழுவதும் திறந்து ரன்னரைத் தொடக்க முனைக்குக் கொண்டுபோங்கள். ரன்னரைப் பக்கவாட்டில் பார்த்தால் மேல்தகடு, கீழ்த்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். மூடிய பற்கள் வெளியே வரும் பின்முனையில், இடப்பக்கச் சந்தைச் சிறு குறடால் மெல்ல அழுத்துங்கள், பிறகு வலப்பக்கம். மயிரிழை அளவு நெருங்கினால் போதும். ஓட்டிப் பாருங்கள், பிளந்தால் இன்னும் சற்று. ஒரே மூச்சில் நெரித்தால் வார்ப்பு உலோகம் பட்டென்று உடைந்துவிடும், அல்லது ரன்னர் நகராமல் இறுகிவிடும்.

இது சில மாதங்கள் தாங்கும். நிரந்தரத் தீர்வு, அதே எண்ணும் வகையும் உள்ள புது ரன்னர். பை பழுதுபார்ப்பவர் சில நிமிடங்களில் மாற்றிவிடுவார். கடினமாக ஓடும் ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். சமையல் எண்ணெய் விட்டால் தூசியெல்லாம் அதில் ஒட்டும்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தால் மழையில் போகலாமா?

துணி நீர் புகாததாக இருக்கலாம். பை அப்படி இருக்காது. ஒவ்வோர் ஊசித்துளையும் ஒரு வழி, ஜிப் பெரிய வழி. மூட்டுகளை வெப்பத்தால் ஒட்டி, வாயைச் சுருட்டி மூடும் பைதான் உண்மையில் தண்ணீரை வெளியே நிறுத்தும். தினமும் பத்து தடவை திறந்து மூடுபவருக்கு அந்தச் சுருட்டல் எரிச்சல். சாதாரண பையும் மடிக்கணினிக்கு ஒரு நீர்புகா உறையும் நடைமுறைக்கு ஏற்றது.

துணியின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடச் செய்யும் பூச்சு தேய்ந்துபோகும், மறுபடி தெளிக்கலாம். முன்பு ஃபுளோரின் சேர்மங்களால் செய்தார்கள். அவை சுற்றுச்சூழலில் சிதையாமல் தங்குவதால் பலர் கைவிட்டு வருகிறார்கள். புதிய பூச்சுகள் தண்ணீரைத் தடுக்கும், எண்ணெய்க் கறையை அந்த அளவு தடுக்காது.

எத்தனை லிட்டர் வாங்குவது?

வேலைக்குப் போய்வர 16 முதல் 22. உடற்பயிற்சி உடையும் சேர்ந்தால் 25. பை பெரிதானால் சுமையும் தானாகப் பெருகும். போன வருட ரசீது, செத்துப்போன பேனா, எதற்கென்றே தெரியாத சார்ஜர் எல்லாம் குடியேறும். லிட்டர் கணக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சிறு பிளாஸ்டிக் உருண்டைகளைக் கொட்டி நிரப்பி அளக்கும் தரமுறை இருக்கிறது. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி எழுதிவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எண்ணை விட, நீங்கள் தினமும் எடுத்துப்போகும் பொருட்களையே உள்ளே வைத்துப் பாருங்கள்.

என் மடிக்கணினி 16 அங்குலம். ‘15.6 அங்குலத்துக்கு ஏற்றது’ என்ற பை சரிப்படுமா?

அங்குலக் கணக்கு திரையின் மூலைவிட்டம். 16:9 விகிதமுள்ள 15.6 அங்குலத் திரை சுமார் 34.5 செ.மீ. அகலம், 19.4 செ.மீ. உயரம். 16:10 விகிதமுள்ள 16 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய அதேதான். உயரம் மட்டும் 2 செ.மீ. கூடுதல். எனவே அகலத்தில் நுழையும், மேலே துருத்தலாம். கணினியின் உடலை அளந்து, பையின் உள்ளறை அளவோடு ஒப்பிடுங்கள்.

அதைவிட முக்கியம், அந்த அறையின் அடி பையின் அடியைத் தொடாமல் ஓரிரு செ.மீ. மேலே தொங்குகிறதா என்பது. கையை உள்ளே விட்டால் தெரிந்துவிடும். அறை அடிவரை போனால், பையைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் அடி நேராகக் கணினியின் விளிம்பில் விழும்.

முதுகுப்பை, குறுக்குத் தோள்பை, கைப்பிடிப் பை, எது நல்லது?

மூன்று கிலோவுக்கு மேல் தினமும் சுமந்தால் முதுகுப்பை. இரண்டு தோளும் பங்கிட்டுக்கொள்ளட்டும். குறுக்குத் தோள்பை பொருளை எடுப்பதற்கு எளிது, ஆனால் ஒரே தோளில் கனமேறும். கைப்பிடிப் பை குறுநடைக்கு மட்டும். பணப்பை, போன், சாவி, சிறு புத்தகம் என்ற அளவில் நிறுத்த முடிந்தவருக்கு மார்பில் அணியும் சிறு பை போதும். கால்சட்டைப் பைகள் பிதுங்காமல் இருக்கும்.

‘ஆண்களுக்கானது’ என்பதில் வேறுபாடு ஏதும் உண்டா?

முதுகின் நீளமும் தோளின் அகலமும் சற்று அதிகமாகக் கணக்கிட்டிருப்பார்கள். மற்றபடி நிறமும் விளம்பரப் படமும்தான். குள்ளமான ஆணுக்குச் சிறிய அளவுப் பை பொருந்தினால் அதையே வாங்கலாம். பையின் அடி இடுப்பெலும்புக்குக் கீழே தொங்கினால் பட்டையை இறுக்குங்கள். அப்படியும் தொங்கினால் அது உங்கள் அளவு இல்லை.

ராணுவ பாணிப் பைகள் அதிகம் உழைக்குமா?

வெளியே வரிவரியாகத் தைத்திருக்கும் நாடா, ‘மாலி’ (MOLLE) என்ற அமைப்பு. அமெரிக்க ராணுவம் 1990-களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. 1 அங்குல அகல நாடாவை ஒன்றரை அங்குலத்துக்கு ஒருமுறை தைத்து, கூடுதல் உறைகளைக் கோத்துக்கொள்ளும் ஏற்பாடு. எதையும் கோக்காதவருக்கு அது வெறும் எடை, பேருந்தில் எதிலாவது மாட்டிக்கொள்ளும் கூடுதல் வசதியும் உண்டு. ‘டாக்டிகல்’ என்ற சொல்லுக்குத் தர வரையறை எதுவும் இல்லை. மேலே சொன்ன உள்வெளிப் புரட்டல் சோதனையை இதற்கும் செய்யுங்கள்.

‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

யாருடைய வாழ்நாள் என்பதைச் சிற்றெழுத்தில் தேடுங்கள். பல இடங்களில் அது பொருளின் ஆயுளைக் குறிக்கும். அந்த ஆயுளைத் தீர்மானிப்பவரும் நிறுவனத்தாரே. தயாரிப்புக் குறைபாடு மட்டும் அடங்கும், தேய்மானம் அடங்காது. பையை அனுப்பும் கூலி யார் தலையில் என்பதையும் பாருங்கள். பழுதுபார்த்துக் கொடுப்பவர்களும் பக்கிள், ரன்னர் தனியாக விற்பவர்களும் என் கணக்கில் ஒரு படி மேல்.

திருட்டுத் தடுப்பு, ஆர்எஃப்ஐடி அறை எல்லாம் தேவையா?

ஆர்எஃப்ஐடி அறை என்பது வங்கி அட்டையின் தகவலை ரேடியோ அலையால் தொடாமலே படித்துத் திருடுவதைத் தடுக்கும் உறை. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஜிப்புக்குப் பூட்டுப் போட்டாலும், சுருள் ஜிப்பைப் பேனா முனையால் பிளந்து திறக்கலாம். ரன்னரை ஒருமுறை ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்ளும், தடயமே இருக்காது. முதுகோடு ஒட்டியிருக்கும் உள்ளறை ஒன்று இருந்தால் பணப்பை அங்கே போகட்டும்.

எப்படித் துவைப்பது?

இளஞ்சூட்டு நீர், மென்சோப்பு, பழைய பல்துலக்கி, நிழல். துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டால் உள்பூச்சு பிரியும், நுரைப்பஞ்சு மடிந்துபோகும். தோளில் மாட்டும் பட்டைகளில் வியர்வை உப்பு படியும். அதை மட்டுமாவது அவ்வப்போது ஈரத்துணியால் துடையுங்கள். உள்ளே பிசுபிசுப்பும் புளித்த வாடையும் வந்துவிட்டால் பூச்சு சிதையத் தொடங்கியிருக்கிறது. அதைத் துவைத்துத் திருப்ப முடியாது.

இணையத்தில் வாங்கும்போது புரட்டிப் பார்க்க முடியாதே?

உட்புறப் படம் போடாத விற்பனைப் பக்கத்தைத் தாண்டிப் போங்கள். வாங்கியவர்களின் விமர்சனங்களில், வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டவற்றைத் தள்ளிவிட்டு, ஓராண்டு கழித்து எழுதியவற்றைத் தேடுங்கள்; ‘பட்டை’, ‘ஜிப்’ என்ற சொற்களைப் போட்டு வடிகட்டினால் குறை எங்கே என்பது தெரியும். திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் எடை ஏற்றி, வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் சுமந்து பாருங்கள். விலைச்சீட்டை அதுவரை வெட்ட வேண்டாம்.

இதே பையை விமானத்தில் கொண்டுபோகலாமா?

இருக்கைக்கு அடியில் வைக்கும் அளவு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும், டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடக் கூடாது. முன்அனுமதி இல்லாமல் பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி, உள்ளே அடங்கும். புறப்படும் முன்னிரவே பையின் எல்லா அறைகளையும் கொட்டிப் பாருங்கள். தினமும் பையிலேயே கிடக்கும் சிறு கத்தியும் பல்பயன் குறடும் பாதுகாப்புச் சோதனையில் பறிபோவது வழக்கம்.